நான் போகாத வியாழக்கிழமை

எங்கள் அடுக்ககத்து வாட்ச்மேன் தினம் காலையில் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கி, கயிற்றில் கட்டிய பழைய போல்ட் ஒன்றை உள்ளே விடுவார். எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று பார்க்க. அது போய்த் தொடும்போது ‘ளொப்’ என்று ஒரு சத்தம். இரண்டாவது மாடியில், எங்கள் சமையலறை ஜன்னல்வரை கேட்கும். காபி டம்ளரோடு நிற்கிற நான் அந்த விநாடி அங்கே இருப்பதில்லை. சிறுவாச்சூருக்குக் கிழக்கே, செம்மண் காட்டுக்கு நடுவே, ஒரு சதுரக் கிணற்றின் விளிம்பில் குனிந்து நிற்கிறேன். வயது இருபது. கையில் ஸ்டீல் டேப்.

எண்பதுகளின் தொடக்கம். பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லாவுக்குள் இருந்த காலம். திருச்சியில் சிவில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன், கடைசிக்கு முந்தின வருஷம். ஆராய்ச்சி என்ற சொல்லை எங்கள் ஹாஸ்டலில் யாரும் சிரிக்காமல் சொன்னதில்லை. ப்ராஜெக்ட் என்றால் சீனியர் விட்டுப்போன கட்டு ஒன்றை எடுத்து, அட்டையை மாற்றி, பெயரை மாற்றி டைப் அடிப்பது. பயிற்சி என்றால் அரியலூர்ப் பக்கம் ஏதாவது சிமென்ட் ஆலையில் பதினைந்து நாள் கேன்டீன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஒரு சான்றிதழ் வாங்கி வருவது. இதற்கு நடுவில் ஒரு பேராசிரியர் மட்டும் கிணறுகளைப் பற்றிப் பேசுவார். முப்பத்தைந்து வயதிருக்கும். பாறைப் பூமியில் கிணறு எப்படி வற்றுகிறது, வற்றின கிணறு எப்படி ஊறுகிறது, இதை யாரும் நம் ஊரில் வாராவாரம் உட்கார்ந்து எழுதி வைத்ததில்லை என்பார். தன்னோடு வருகிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கிணறு கொடுத்தார். என் சிநேகிதனுக்கு அரும்பாவூர்ப் பக்கம். எனக்கு சிறுவாச்சூர்.

திங்களும் வெள்ளியும் அங்கே கோயில் கூட்டம், பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. அதனால் வியாழக்கிழமை என்று வைத்துக்கொண்டேன். விடிவதற்குமுன் திருச்சியில் பஸ் ஏறினால் ஆறரைக்குள் கிணற்றுமேட்டில் நிற்கலாம். டேப்பின் நுனியில் ஓர் ஈயக் குண்டு. கடைசி மூன்று நான்கு அடிக்கு சாக்பீஸைத் தேய்த்து இறக்க வேண்டும். மேலே தூக்கினால் நனைந்த இடம் கறுப்பாகத் தெரியும். கிணற்று விளிம்புக் கல்லில் நான் தீட்டி வைத்த வெள்ளைக் கோட்டிலிருந்து தண்ணீர்வரை உள்ள ஆழம்தான் கணக்கு. எண் கூடினால் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். எழுதுகிற நோட்டுக்கு ஒரே ஒரு சட்டம், பேராசிரியர் போட்டது: பென்சில் கூடாது, மையால்தான் எழுத வேண்டும். தப்பாகிப் போனால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுது, அழிக்காதே.

அந்தக் கிணறு மூன்று குடும்பத்துப் பங்குக் கிணறு. அண்ணன் தம்பி மூன்று பேர். ஒரே மோட்டார். ஆளுக்கு வாரத்தில் இரண்டு நாள் முறை, ஞாயிறு யாருக்கும் இல்லை. மும்முனைக் கரண்ட் காலை ஆறிலிருந்து பத்து வரைதான் வரும். அந்த நாலு மணி நேரத்தில் பாய்ச்சினால் உண்டு. நடுத் தம்பி அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை, சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கள் விடியப் போய்விடுவார். அவர் மனைவிதான் நிலத்தைப் பார்த்துக்கொண்டவர். முப்பது, முப்பத்திரண்டு வயசு. நான் அக்கா என்பேன். அவருடைய முறை திங்களும் வியாழனும்.

முதல் வாரம் பேராசிரியரே வந்து மூன்று குடும்பத்திடமும் கேட்டார். இறைப்பதற்கு முன்னால் அளக்க வேண்டும், பத்து நிமிஷ வேலை என்று. மூத்தவர் தலையை ஆட்டினார், ஆனால் தன் முறையில் கூடாது என்றார். இளையவரும் அதையே சொன்னார். அந்த அக்கா மட்டும், வியாழக்கிழமை வரட்டும், அளந்துட்டுப் போகட்டும் என்றார். கிணற்றுக்குள்ளே என்ன நடக்குது என்று ஒரு ஆள் மெனக்கெட்டு எழுதி வைத்தால் கெட்டா போகும் என்று கேட்டார். எனக்கு அன்றே ஒரு பெயரும் வைத்துவிட்டார். அளவுகாரர்.

“வாங்க அளவுகாரரே. கெணறு எங்கயும் ஓடிப்போயிடல, இங்கதான் கெடக்கு, மெதுவா வாங்க.”

தை மாதம் முழுக்க இந்தப் பேச்சோடுதான் என் வியாழக்கிழமைகள் விடிந்தன. வரப்பில் பனி. வெங்காயத் தாள்களின் காரமான பச்சை வாசனை. கிழக்கே சிவந்து, சிவந்து, சட்டென்று வெளுத்துப்போகிற வானம். நான் குண்டை இறக்குவேன், எண்ணைச் சொல்லிக்கொண்டே எழுதுவேன். அக்கா அதற்குள் படியில் இறங்கி, குழாயின் அடியில் தண்ணீரை உறிஞ்சுகிற ஃபுட்வால்வு முங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறி வருவார். மோட்டாரில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பொத்தானை அமுக்குவார். பிறகு நான் அவருக்கு இல்லாத ஆள். மண்வெட்டியோடு வாய்க்கால்மேல் போய்க்கொண்டிருப்பார்.

இரண்டாவது வாரம் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிட வேண்டும். அதில்தான் எல்லாம் தொடங்கியது. அன்று பஸ் டயர் பஞ்சராகி நான் போய்ச் சேர ஏழே கால் ஆகிவிட்டது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. பத்து நிமிஷம் பொறுக்க முடியாதா என்று கேட்டேன். இந்த ஒரு அளவு போனால் ஆராய்ச்சியே வீண், பெரிய இடம்வரை போகிற விஷயம், நான் வந்து அளக்காமல் இனிமேல் மோட்டாரைப் போடக் கூடாது என்று, பேராசிரியர்கூட என்னிடம் பேசாத ஒரு குரலில் சொன்னேன். அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். சரிங்க என்றார், அவ்வளவுதான். இறைத்துக் குறைந்த மட்டத்தையே நேரத்தோடு குறித்துக்கொண்டேன்.

முறைத் தண்ணீர் என்றால் என்னவென்று தெரியாத பட்டணத்துப் பிள்ளையில்லை நான். விக்கிரமங்கலத்தில் பிறந்தவன். என் அப்பா அடுத்தவர் வயலுக்கு ஏரித் தண்ணீர் முறை பார்க்கப் போய் நின்றவர். மடையைத் திருப்புகிற நேரத்துக்கு அசந்துவிட்டால் அன்றைக்கு யார் யாரிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்த நான்தான் அப்படிப் பேசினேன். நாலு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால் நம் நினைவிலிருந்து முதலில் உதிர்வது அப்பாவின் கால் சேறு.

மாசி பிறந்ததும் கல்லூரியில் ஒரு செய்தி வந்தது. மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சிக் கூடம். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் அங்கே பயிற்சி. எங்கள் கல்லூரியிலிருந்து ஒருவரை எடுப்பார்கள். செய்த வேலையின் வரைபடத்தோடு விண்ணப்பம் வெள்ளிக்கிழமைத் தபாலில் போக வேண்டும். பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, உன்னுடையதை அனுப்பலாம் என்றிருக்கிறேன், படத்தைச் சுத்தமாக வரைந்து கொண்டு வா என்றார்.

புதன் ராத்திரி டிரேசிங் ஷீட்டை விரித்து உட்கார்ந்தேன். ஒருமுறை மை கொட்டியது. மறுபடி முதலிலிருந்து. விடியும்போது கோடுகள் மட்டும் முடிந்திருந்தன, எழுத்துகள் பாக்கி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டுத் திரும்பினால் மத்தியானம். படம் முடியாது. அரும்பாவூர்ச் சிநேகிதன் டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினவன் கதவருகே நின்று, வரலையாடா என்று கேட்டான். நீ போ என்றேன்.

படத்தில் அந்த வியாழக்கிழமைக்கு மட்டும் புள்ளி இல்லை. அதற்கு முந்தின வாரம் ஆறு மீட்டர் தொண்ணூற்றைந்து. கோடு ஆறு வாரமாக ஒரே சீராக இறங்கிக்கொண்டு வந்திருந்தது. அடுத்த இடத்தைத் தானே காட்டிக்கொண்டு நின்றது. நான் பொய் எழுதுவதாகவே எனக்குத் தோன்றவில்லை. கோடு கேட்டது, கொடுத்தேன். ஏழு மீட்டர் இருபது. படத்தில் புள்ளி வைத்தேன். பிறகு நோட்டை எடுத்து, அதே எண்ணை, மையால், தேதியோடு எழுதினேன். வெள்ளிக்கிழமை பேராசிரியர் கையெழுத்தோடு தபால் போயிற்று.

அடுத்த வியாழன் வழக்கம்போல ஆறரைக்குப் போய் நின்றேன். அக்கா கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருந்தார். கெணறு ஓடிப்போயிடல என்று சொல்லவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

ஒன்றுமில்லையே என்றேன்.

“போன வாரம் வரலையேன்னு கேட்டேன். காய்ச்சலோ, பஸ்ஸு கிஸ்ஸு கவுந்துடுச்சோன்னு.”

காலேஜில் வேலை என்றேன். அப்போதுதான் அவருக்குப் பின்னால் இருந்த கீழ்ப் பாத்திகளைப் பார்த்தேன். தாள்கள் நுனியிலிருந்து வைக்கோல் நிறமாகி, பாதியில் மடிந்து, மண்ணோடு படுத்திருந்தன. மேல் பாத்திகள் பச்சையாக நின்றன. நடுவில் ஒரு வரப்புதான்.

என்ன நடந்ததென்று அக்கா சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். அந்த வாரம் செவ்வாயும் புதனும் டிரான்ஸ்பார்மர் பழுது. கரண்டே இல்லை. மூத்தவர் முறையும் போயிற்று, இளையவர் முறையும் போயிற்று. மூன்று நாளாக யாரும் தொடாத கிணறு ஊறி ஊறி மேலே வந்துவிட்டது. வியாழக்கிழமை விடிய ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. மாசி மாதத்தில் அவ்வளவு தண்ணீரை அவர் முறையில் அவர் பார்த்ததே இல்லை. திங்கள் முறை மேல் பாத்திக்கு, வியாழன் முறை கீழ் பாத்திக்கு. வெங்காயம் திரளுகிற நேரம். மோட்டாரில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பொத்தானில் கை வைத்தவர், நின்றுவிட்டார். நான் வரவில்லை.

ஏழு மணிக்கு ரோட்டில் ஒரு பஸ் நின்றது. அதில் இல்லை. எட்டு மணி பஸ்ஸிலும் இல்லை.

“அளக்காம போடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனீங்க. அது ஒண்ணு. அதவிட, இவ்வளவு தண்ணிய நீங்க பாக்கணுமேன்னு இருந்துச்சு. எறச்சிட்டா கொறஞ்சிரும்ல. வந்து பாத்தா சந்தோசப்படுவீங்கன்னு ஒக்காந்திருந்தேன்.”

ஒன்பதரை பஸ்ஸும் போன பிறகு மோட்டாரைப் போட்டிருக்கிறார். காய்ந்து கிடந்த வாய்க்கால் குடித்ததுபோக, தண்ணீர் முதல் பாத்தியின் வாயைத் தொடும்போது மணி பத்து. கரண்ட் போய்விட்டது. வெள்ளிக்கிழமை மூத்தவர் முறை, சனிக்கிழமை இளையவர் முறை. இழந்த நாளுக்கும் சேர்த்து இரண்டு பேரும் அடிமட்டம்வரை இறைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை இருந்த கொஞ்சத்தை மேலுக்கும் கீழுக்குமாகப் பங்கு வைத்திருக்கிறார். கீழ்ப் பாத்திக்கு அது போதவில்லை.

நான் டேப்பை இறக்கினேன். ஏழு மீட்டர் முப்பது. நோட்டைத் திறந்தால் மேலே என்னுடைய ஏழு இருபது. ஆறு தொண்ணூற்றைந்து, ஏழு இருபது, ஏழு முப்பது. மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக அழகாக உட்கார்ந்திருந்தன. பார்க்கிற யாருக்கும் சந்தேகமே வராது. அன்றைக்குத் தண்ணீர் எதுவரை இருந்தது என்று அக்காவைக் கேட்டேன். வெள்ளைக் கோட்டிலேர்ந்து எண்ணினா இருபத்திநாலாம் படி முங்கிக் கெடந்துச்சு என்றார். ஒரு படி ஏறக்குறைய கால் மீட்டர். தண்ணீர் ஆறு மீட்டர் ஆழத்துக்கும் மேலே நின்றிருக்கிறது. நான் எழுதினதற்கும் நிஜத்துக்கும் நடுவில் ஒரு சிறுவன் நிற்கலாம். எங்கள் பேராசிரியர் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த கேள்வி, இறைக்காமல் விட்ட கிணறு எவ்வளவு ஊறும் என்பது. அது தானாக வந்து, மூன்றரை மணி நேரம் காலை வெளிச்சத்தில் கிடந்துவிட்டுப் போயிருக்கிறது. பார்க்க ஒருத்தர் மட்டும் இருந்தார். அவரை உட்கார்த்தி வைத்தவன் ஹாஸ்டலில் எழுத்துக்கு மை தொட்டுக்கொண்டிருந்தான்.

மூத்தவரிடம் போனேன். நாளைக்கு உங்கள் முறையில் ஒரு மணி நேரம் அந்த அக்காவுக்கு விடக் கூடாதா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எனக்கும்தான் செவ்வாக்கெழம போச்சு தம்பி. கரண்டுகிட்டப் போயி கேக்கட்டுமா? அளக்க விட்டது அவ, முறைய விட்டதும் அவ. ஒனக்காக விட்டா. நீயே ஊத்திக் குடு.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் இன்னும் நினைவிருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு நானே நிறையப் பேசினேன். நோட்டு என்னிடம், எண் என் கையெழுத்து, படம் மெட்ராஸுக்குப் போயாயிற்று. வாயைத் திறக்காவிட்டால் கோடையில் மெட்ராஸ். எங்கள் குடும்பத்தில் அரியலூர் ஸ்டேஷனைத் தாண்டி ரயிலில் போனவர் அன்றுவரை யாரும் கிடையாது. அக்காவுக்கு நான் வராதது தெரியும், எழுதினது தெரியாது. பேராசிரியருக்கு எழுதினது தெரியும், வராதது தெரியாது. இரண்டு பேரும் சந்தித்துக்கொள்ளாதவரை நான் நல்லவன். பாடாலூர் தாண்டும்போது இந்த வாக்கியம் மனசில் வந்தது. அதற்குப் பிறகு உட்கார முடியவில்லை. திருச்சிவரை நின்றுகொண்டே வந்தேன்.

நான்கு நாள் கழித்துத்தான் பேராசிரியர் அறைக்குப் போனேன். அங்கேயும் முழுசாகச் சொல்ல வரவில்லை. அந்த வாரம் கரண்ட் இல்லையாம் சார், அளவு கொஞ்சம் வித்தியாசமாக இருந்திருக்கலாம் என்று ஆரம்பித்தேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். “இருந்திருக்கலாம்னா? அளந்தது நீதானேப்பா?”

நான் போகலை சார் என்றேன்.

திட்டவில்லை. நோட்டை வாங்கினார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஃபேன் சுற்றுகிற சத்தம். ஒவ்வொரு எண்ணிலும் விரலை வைத்து வைத்து எடுத்தார். பிறகு கேட்டார்: “மத்ததெல்லாம்?”

மத்ததெல்லாம் நிஜம் சார் என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பொய்போலக் கேட்டது. பனியில் நடந்து, சாக்பீஸ் தேய்த்து, கைவிரல் மரத்துப்போக எடுத்த அளவுகள் அவை. அந்த ஒற்றை எண்ணோடு அவை எல்லாமே செல்லாமல் போய்விட்டன. நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை நானும் வரேன் என்றார்.

விடிகாலை பஸ்ஸில் அவர் நோட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கிணற்றுமேட்டில் அக்கா எங்களைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். பேராசிரியர் சுற்றிவளைக்கவில்லை. இந்தப் பையன் எந்தெந்த வாரம் வந்தான், தண்ணீர் எதுவரை இருந்தது, உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டார். அக்கா வாரமாகச் சொல்லவில்லை. வேலையாகச் சொன்னார். பொங்கலுக்கு மறுவாரம், களை எடுத்த அன்று, இருபத்திரண்டாம் படி. வீட்டுக்காரர் லீவு போட்டு வந்திருந்த அன்று, இருபத்தைந்து. உரம் வைத்த வியாழன், இருபத்தாறு தெரிந்தும் தெரியாமல். ஃபுட்வால்வு பார்க்க முறைக்கு முறை இறங்குகிற கால் அது, படியை மறக்காது. இவர் எண்ணைச் சொல்லச் சொல்ல நான் படியைப் பார்த்துக்குவேன் என்றார் அக்கா. பேராசிரியர் ஒவ்வொன்றையும் மீட்டராக்கி, நோட்டோடு ஒப்பிட்டு, ஓரத்தில் ஒரு சின்ன டிக் போட்டுக்கொண்டே வந்தார். டிக், டிக், டிக்.

கணக்கில் நான் போகாத வியாழன் வந்தது. அன்றைக்கு இவர் வரலை என்றார் அக்கா. பேராசிரியர் நோட்டை அவர் பக்கம் திருப்பினார். இங்கே ஒரு அளவு எழுதியிருக்கிறதே என்றார்.

அக்கா நோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வேறு. கணக்கு இடிக்கும்போது நெற்றி சுருங்குமே, அது.

“வராமயே எழுத முடியுமா?” என்றார். “அப்ப நான் மோட்டாரப் போட்டிருக்கலாமே.”

அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே கேட்டார். காலேஜ்வரை படித்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் எதிரே நின்றோம். பேராசிரியர்தான் கடைசியில், முடியாதும்மா, வராமல் எழுதக் கூடாது என்றார். அவர் குரல் சன்னமாக இருந்தது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிச்சுக்குங்க அக்கா என்றோ என்னவோ. அவர் மோட்டாரில் ஊற்றுவதற்குக் குடத்தைத் தூக்கியபடி சொன்னார்.

“கீழ்ப் பாத்தி போச்சுன்னு எனக்குக் கோவம்தான். இல்லைன்னு சொல்லல. அதுக்காவ வந்த நாளையும் வரலன்னு சொல்ல முடியுங்களா? சீக்கிரம் அளங்க, மணியாவுது.”

அன்று அளந்து முடித்ததும் பேராசிரியர் நோட்டை என்னிடம் கொடுத்துப் பேனாவையும் கொடுத்தார். ஏழு மீட்டர் இருபதின்மேல் ஒற்றைக் கோடு போட்டேன். பக்கத்தில், ‘போகவில்லை’ என்று எழுதினேன். அதற்குக் கீழே அவர் தன் கையால் எழுதினார்: நிலத்துக்காரர் சொன்னபடி, இருபத்திநாலாம் படி மூழ்கியிருந்தது. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து நோட்டில் மீட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் முளைத்தது. படி.

மெட்ராஸுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அனுப்பிய படத்தில் ஓர் அளவு எடுக்கப்படாதது, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று. எனக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டினார். கோடையில் அங்கே போனது என் அரும்பாவூர்ச் சிநேகிதன். அவன் பெட்டியை ரயிலில் ஏற்றிவிட்டவன் நான். பொறாமை இருந்தது. இல்லை என்று சொன்னால் மறுபடி வராமல் எழுதினது போலாகும்.

ஆனால் கிணற்றை என்னிடமிருந்து பேராசிரியர் பிடுங்கவில்லை. பங்குனி கடைசிவரை நான்தான் போனேன். ஒவ்வொரு வியாழனும் அக்கா நான் எழுதுகிற வரையில் பக்கத்தில் நின்றார். எழுதியதை வாசிக்கச் சொல்லுவார். வாசித்தால் படியில் இறங்கி, தானே பார்த்துவிட்டு வருவார். அதுவரை நான் நகரக் கூடாது. அது எனக்கு அவமானமாக இருந்தது ஒரு வாரம். பிறகு இல்லை. என் வேலையை இவ்வளவு அக்கறையாக யாரும் சரிபார்த்ததில்லை என்று பிறகுதான் உறைத்தது.

அதற்கப்புறம் எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. எதிலும் தங்காத கால் எனக்கு. அணைக்கரையிலும் நின்றிருக்கிறேன், ஆபீஸ் மேஜையிலும் உட்கார்ந்திருக்கிறேன். வராமலே எழுதப்பட்ட அளவுகள் ஆயிரம் என் கை வழியாகப் போயிருக்கின்றன. பார்த்தால் தெரிந்துவிடும். அவை ரொம்ப ஒழுங்காக இருக்கும். அப்படியொன்று வரும்போதெல்லாம், அதை நம்பி எங்கோ ஒருவர் பொத்தானில் வைத்த கையை எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். எழுந்துபோய் விசாரிக்காமல் கையெழுத்துப் போட முடிவதில்லை. இதனால் எனக்குச் சிநேகிதர்கள் குறைவு.

கடைசி வியாழக்கிழமை. மேல் பாத்தி வெங்காயம் அறுத்துக் குவித்திருந்தது. கீழ்ப் பாத்தியில் எடுத்தது தனியாக, சாக்கின்மேல், கோலிக்குண்டு அளவில் கிடந்தது. அடுத்த நடவுக்கு விதைக்காவது ஆகுமா என்று பார்க்கிறேன் என்றார். டேப்பைச் சுற்றிப் பையில் வைத்தேன். இதுதான் கடைசி அளவு, இனி வர மாட்டேன் என்றேன். அப்படியா என்றார்.

“எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேங்க.”

“வாசிங்க.”

“எட்டு மீட்டர் பத்து. முப்பத்திரண்டாம் படி தெரியுது. முப்பத்திமூணு முங்கிக் கெடக்கு.”

சேலையை முழங்காலுக்குமேல் செருகிக்கொண்டு அவர் இறங்கினார். வாய்க்குள் எண்ணுகிற சத்தம் கிணற்றுச் சுவரில் பட்டுப் பட்டு மேலே வந்தது. வரவரச் சன்னமாகி நின்றது. நான் பையோடு விளிம்பில் நின்றேன். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அவர் ஏறி வந்து, ஈரக் காலைக் கல்லில் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“சரியாத்தான் இருக்கு. போயிட்டு வாங்க.”